பிக் பாஸை ஒருநாள் மியூட்டில் பாருங்கள்

பிக் பாஸ் பார்க்கிறவர்களில் யாரைக் கேட்டாலும் யார் நல்லவர், யார் விஷம் என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த முடிவை நாமே எடுத்தோமா, எடிட்டிங் டேபிளில் எடுத்துக் கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு எபிசோடும் ஒரு துண்டுப் பேப்பரும் போதும்.

முதலில் அன்றைய ப்ரோமோவைப் பாருங்கள். பார்த்தவுடன் யார் மேல் கோபம் வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ப்ரோமோவில் ஒருவர் கத்துவார், அடுத்த ஷாட்டில் இன்னொருவர் கண் கலங்குவார். ராத்திரி எபிசோடில் அந்தக் கத்தலுக்கு முன்னால் என்ன நடந்தது, அந்தக் கண்ணீர் நிஜமாகவே அதற்குத்தான் வந்ததா என்று மட்டும் கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது மியூட். ஒரே காட்சியை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தமில்லாமலும் பாருங்கள். திக்திக் இசையோடு பெரிய சதித்திட்டம் மாதிரி தெரிந்தது, சத்தம் போனதும் இரண்டு பேர் கிச்சனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு பேசுவதாகச் சுருங்கிவிடும். அப்போதே நடுநடுவே வரும் முறைக்கிற முகங்களையும் பாருங்கள்: முறைப்பவர் கையில் இருந்த காபி டம்ளர் அடுத்த ஷாட்டில் இல்லையா, ஈரத்தலை திடீரென்று காய்ந்துவிட்டதா? அப்படியென்றால் அந்த முறைப்பு வேறு நேரத்தில் எடுத்ததாக இருக்கலாம். முகம் காட்டாமல் குரல் மட்டும் வருகிற வாக்கியங்களையும் சந்தேகப்படுங்கள், வெட்டி ஒட்ட வசதியான இடம் அதுதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், நாம் பார்ப்பது சுமார் 60, அதிலும் விளம்பரம் போக மிச்சம்தான். 2022 முதல் 24 மணி நேர லைவ் வந்தது, முடிந்தால் ஒப்பிடுங்கள், ஆனால் அங்கேயும் எந்த அறையைக் காட்டுவது என்று ஒருவர் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்.

தொகுப்பாளர் வந்து போட்டியாளர்களை விசாரிக்கும் வார இறுதிதான் கொஞ்சம் சிக்கல். 2017-ல் முதல் சீசனில் அப்போதைய தொகுப்பாளர் கமல் 'குறும்படம்' போட்டார், அதாவது வீட்டுக்குள் நடந்ததன் பதிவையே எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்; போட்டியாளர் ஓவியா விஷயத்தில் சக போட்டியாளர் ஜூலி சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்று வீடியோவே காட்டியது. அது சரிதான். ஆனால் யாருக்குக் குறும்படம், யாருக்கு வெறும் அறிவுரை என்பதும் நிகழ்ச்சி எடுக்கும் முடிவு. குறும்படம் வந்தாலே தீர்ப்பு வந்துவிட்டது என்று நாம்தான் கைதட்டிவிட்டோம். அதே ஜூலியை அந்த வருஷம் ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் வீரத்தமிழச்சி என்று கொண்டாடியதும் நாம்தான், சில மாதத்தில் மீம் போட்டுக் கிழித்ததும் நாம்தான். இரண்டு தடவையும் நம் கையில் இருந்தது சில நிமிட வீடியோ.

ஆகவே வார இறுதியில் தொகுப்பாளரின் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடம் 'என்ன நடந்தது?' என்றும் இன்னொருவரிடம் 'ஏன் அப்படிப் பண்ணீங்க?' என்றும் கேட்டால், இரண்டாமவர் வாயைத் திறக்கும் முன்பே குற்றவாளி ஆகிவிடுகிறார்.

ஓட்டுப் போடும் முன் அந்தத் துண்டுப் பேப்பரின் முதல் வரியை மறுபடி படியுங்கள். ஒரு எச்சரிக்கை: இதை ஹாலில் எல்லோரும் இருக்கும்போது செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் மியூட்டை அழுத்திய மறு நொடி ரிமோட் அம்மா கைக்குப் போய்விட்டது, இப்போதெல்லாம் மறுநாள் மதியம் மொபைலில்தான்.