அப்டேட் முடிந்ததும் வைஃபை காணோமா? முதலில் அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுங்கள்

போன வாரம் என் லேப்டாப் அப்டேட் முடித்து எழுந்தபோது வைஃபை ஐகானே இல்லை. ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். என் அவசரத்தால் ஒரு நாள் போனது. நான் செய்த வரிசையை விடுங்கள், செய்திருக்க வேண்டிய வரிசை இது. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

படி 1: ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே திரும்ப எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: ரெகவரி கீ. நான் வழுக்கி விழுந்த இடம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் திரையில் வந்து, பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டது. நான் பிட்லாக்கரை ஆன் செய்ததே இல்லையே! ஆனால் இப்போதைய பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. ஹோம் பதிப்பிலும் அப்படித்தான். நமக்குத் தெரிவதே இல்லை.

கீ அந்தக் கணக்கிலேயே இருக்கும். மொபைலில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், பூட்டுத் திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒத்துப்போவதை எடுங்கள். எனக்கு மூன்று இருந்தன. முதலாவதையே நான்கு முறை தட்டிப் பார்த்தவன் நான்! அலுவலகக் கணினி என்றால் உங்கள் ஐ.டி. பிரிவில்தான் கேட்க வேண்டும்.

ஒரு சுவாரசியம்: ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி வரும். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். தவறாகத் தட்டினால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் சேமித்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவி கிடக்கிற கதைதான்.

படி 3: டிரைவரை, அதாவது வைஃபை கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருளை, பழைய பதிப்புக்குத் திருப்புதல். விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜர் போங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டு, பிராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். காரணம் கேட்டால் எதையாவது டிக் செய்யுங்கள். ஒலி, டிஸ்ப்ளே சிக்கலுக்கும் இதே வழிதான்.

டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உள்ள டிரைவர் போதும். வைஃபை இல்லாமல் அதை எப்படி இறக்குவது? மொபைலைக் கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள்.

படி 4: அப்டேட்டையே நீக்குதல். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி. சிக்கல் தொடங்கிய தேதியில் வந்தது எது என்று பார்த்து, அடியில் உள்ள அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் வழியாக நீக்குங்கள். நீக்கிய கையோடு பாஸ் அப்டேட்ஸ் (Pause updates) கொடுங்கள். மறந்தால் அதே அப்டேட் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காக மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன.

பதிப்பே மாறிய பெரிய அப்டேட் என்றால் சிஸ்டம், ரெகவரி, கோ பேக். இதற்குக் கெடு 10 நாள். இடம் போதவில்லை என்று, பழைய பதிப்பு இருக்கும் விண்டோஸ் ஓல்ட் ஃபோல்டரை அழித்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். உங்கள் கோப்புகள் தங்கும், அப்டேட்டுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

பின்சேர்க்கை: ரோல் பேக் பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். பழைய டிரைவர் கணினியில் இல்லை என்று பொருள். அதே டேபில் அப்டேட் டிரைவர் போய், இணையத்தில் தேடாமல் கணினியில் ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியைப் பிடியுங்கள். சில நேரம் பழைய பதிப்பு ஒன்று அங்கே கிடைக்கும். எனக்கு வைஃபை திரும்பியது அப்படித்தான்.