கோப்புக்குள் தேதியும் நேரமும் தானாகப் பதிய: நோட்பேடிலும் ஈமாக்ஸிலும் செய்முறை

பச்சை இலை எடை, கவ்வாத்து செய்த நாள், உரம் போட்ட நாள், மழை அளவு. நீலகிரியில் தேயிலை வைத்திருக்கும் வீடுகளில் இவையெல்லாம் ஒரு காலத்தில் நீளமான கணக்கு நோட்டில் இருந்தன. இப்போது பல வீடுகளில், பிள்ளைகள் படிப்பதற்காக வாங்கிய கணினியில் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் நோட்டில் தேதி போடாமல் யாரும் கணக்கு எழுதுவதில்லை. கணினியில் மட்டும், கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் தேதி தெரிகிறதே என்ற தைரியத்தில் விட்டுவிடுகிறோம். அந்தத் தேதியை மட்டும் நம்பிக் கணக்கு வைக்காதீர்கள் என்று கோத்தகிரியில் என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். தேதி கோப்புக்கு உள்ளே, எழுத்தோடு எழுத்தாக இருக்க வேண்டும். அதையும் நம் கை எழுதாமல் கணினியே எழுத வேண்டும். அதற்கு இரண்டு வழிகளைக் கீழே விளக்கியிருக்கிறேன். கணினியில் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும்.

வெளியே தெரியும் தேதி ஏன் போதாது

கோப்புறையைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே 'டேட் மாடிஃபைடு' என்று ஒரு தேதி தெரியும். அது கோப்பின் எழுத்துகளுக்குள் இல்லை. வட்டைப் பராமரிக்கும் அமைப்பு தன்னுடைய குறிப்பேட்டில் தனியாக எழுதி வைத்திருப்பது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் வட்டில் இந்த நேரம் 1601 ஜனவரி 1-இலிருந்து, உலகப் பொது நேரப்படி எண்ணப்படுகிறது. ஃபேட்32 முறையில் தயாரான பென் டிரைவில் உள்ளூர் நேரமாகவே, இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்ற துல்லியத்தில்தான் பதிகிறது.

ஒரே கணினிக்குள் கோப்பை நகல் எடுத்தால் திருத்திய தேதி அப்படியே வரும். உருவாக்கிய தேதி மட்டும் புதிதாகிவிடும். அதே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, வாங்கியவர் தன் கணினியில் இறக்கினால், இறக்கிய நேரம்தான் அங்கே திருத்திய தேதியாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே கதைதான். இலை எடையில் வித்தியாசம் வந்து, ஆறு மாதத்துக்கு முந்தைய கணக்கைக் குன்னூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரையில் அது இன்றைக்கு எழுதியதுபோலத் தெரியும். கோப்புக்குள் தேதி இருந்தால் எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும்.

முதல் வழி: நோட்பேடு

விண்டோஸ் கணினியில் எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. நோட்பேடில் பல காலமாகவே ஒரு வசதி இருக்கிறது. தினம் அதைத் திறப்பவர்களிலும் பலருக்கு இது தெரியாது.

நோட்பேடைத் திறந்து ஒரு புதிய கோப்பைத் தொடங்குங்கள். முதல் வரியில், முதல் இடத்திலேயே ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். அதை ஒட்டியபடி, இடைவெளி விடாமல், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எல், ஓ, ஜி என்று தட்டுங்கள். புள்ளியும் மூன்று எழுத்தும், அவ்வளவுதான் அந்த வரி. சிறிய எழுத்தில் தட்டினால் வேலை செய்யாது. புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் வேலை செய்யாது.

அடுத்த வரியில் கோப்பு எதைப் பற்றியது என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். 'மழைப் பதிவு, கோத்தகிரி' என்பதுபோல.

இனி சேமிக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். 'ஃபைல்' பட்டியலில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் வரும் பெட்டியின் அடியில் 'என்கோடிங்' என்று ஒரு தேர்வு இருக்கும். எழுத்துகளைக் கணினி எந்த முறையில் சேமிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் இடம் அது. அதில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக இருக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ்களில் 'ஆன்சி' என்று இருக்கும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் அப்படியே சேமித்துவிட்டால், மறுநாள் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். எழுதியதை மீட்கவும் முடியாது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு சொடுக்கைத் தவறவிடாதீர்கள்.

சேமித்தாயிற்று, மூடுங்கள். மறுபடியும் திறங்கள். கோப்பின் கடைசியில் அந்த நிமிடத்தின் நேரமும் தேதியும் புதிய வரியாக வந்து உட்கார்ந்திருக்கும், கர்சர் அதற்குக் கீழே காத்திருக்கும். நேராக எழுதத் தொடங்கலாம். இரண்டு நாள் எழுதிய கோப்பில், மேலே உள்ள அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே இப்படி இருக்கும்:

08:47 12-11-2024
12ஆம் தேதி காலை 8.30 அளவு: 31 மி.மீ.

08:52 13-11-2024
13ஆம் தேதி காலை 8.30 அளவு: 4 மி.மீ. விடிய விடிய மூடுபனி.

திறந்தவுடன் தேதி திரையில் வந்துவிட்டாலும், நீங்கள் கண்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்திச் சேமித்தால்தான் அது கோப்பில் நிற்கும். சேமிக்காமல் மூடினால் போய்விடும். ஒரு விதத்தில் இது வசதிதான்: பழைய கணக்கைப் பார்க்க மட்டும் திறந்தால், சேமிக்காமல் மூடிவிடலாம்.

ஒரே நாளில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பல முறை எழுதுகிறவர்களுக்கு எஃப்5 விசை இருக்கிறது. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே அப்போதைய நேரமும் தேதியும் விழும். காலை எடை, மாலை எடை என்று இரண்டு முறை இலை போடுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

12-11 என்றால் நவம்பரா, டிசம்பரா?

தேதி எந்த வடிவத்தில் விழுகிறது என்பதை நோட்பேடு முடிவு செய்வதில்லை. விண்டோஸின் வட்டார அமைப்பிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. இந்திய அமைப்பில் நாள் முதலில் வரும். அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில் வரும். கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்த பல கணினிகள் அமெரிக்க அமைப்பிலேயே இருக்கின்றன. ஒரு கணினியில் எழுதிய கணக்கையும் இன்னொன்றில் எழுதிய கணக்கையும் சேர்க்கும்போது குழப்பம் தொடங்கும்.

இதற்குத் தீர்வு, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றிவிடுவது. ஐ.எஸ்.ஓ 8601 என்ற உலகத் தரம் சொல்வதும் இதே வரிசையைத்தான். கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' என்பதைத் திறந்தால் 'ஷார்ட் டேட்' என்ற தேர்வு இருக்கும். பட்டியலை விரித்து, ஆண்டு நான்கு இலக்கத்தில் முதலில் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து 'ஓகே' கொடுங்கள். அதற்குப் பிறகு 2024-11-12 என்றே விழும். எந்த ஊர்க்காரர் படித்தாலும் ஒரே பொருள்தான்.

எழுதிய நேரம் வேறு, நடந்த நேரம் வேறு

கணினி பதியும் நேரம், நீங்கள் எழுத உட்கார்ந்த நேரம். மழை பெய்த நேரமோ இலை எடை போட்ட நேரமோ அல்ல. இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால் தானாகப் பதியும் தேதியே தவறான கணக்குக்கு வழி செய்துவிடும்.

மழையையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்ப்பது முறை. முந்தின நாள் 8.30-இலிருந்து அன்று 8.30 வரை சேர்ந்த நீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படித்து, படித்த நாளின் கணக்கில் எழுதுகிறோம். திங்கள் மாலை ஐந்து மணிக்குக் கொட்டிய மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் ஏறும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மின்சாரம் இல்லை, இரவுதான் கணினியைத் திறந்தீர்கள் என்றால் கணினி போடும் நேர முத்திரை இரவு ஒன்பது மணி என்று விழும். அதைத் திருத்தக் கூடாது. அது உண்மையைத்தான் சொல்கிறது. அளவு எந்த நாள் காலைக்குரியது என்பதை நீங்கள் தனியே எழுத வேண்டும். மேலே காட்டிய எடுத்துக்காட்டில் தேதி இரண்டு முறை வருவது அதனால்தான்.

இது வீண் கறார் அல்ல. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு வரி அடுத்த நாளுக்கு நகர்ந்துவிட்டால், இரண்டு ஊர்க் கணக்கை ஒப்பிடவே முடியாது.

இரண்டாம் வழி: ஈமாக்ஸ்

நோட்பேடு செய்வது நாட்குறிப்பு வேலை: ஒவ்வொரு முறையும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே போகும். சில கோப்புகளுக்கு அது பொருந்தாது. பறிக்க வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல், உர அட்டவணை, சங்கத்தின் உறுப்பினர் விவரம் போன்றவற்றில் இது கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற ஒரே ஒரு வரி மேலே இருந்தால் போதும். சேமிக்கும்போதெல்லாம் அந்த வரி மட்டும் மாற வேண்டும். இதை நோட்பேடு செய்யாது. ஈமாக்ஸ் செய்யும்.

ஈமாக்ஸ், குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் இலவச எடிட்டர், அதாவது நோட்பேடு போல உரை எழுதும் மென்பொருள். 1985 முதல் வெளிவந்துகொண்டிருக்கிறது. விண்டோஸுக்கும் கிடைக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் கணினியில் மென்பொருள் மையத்தில் பெயரைத் தேடினாலே வந்துவிடும். பார்க்கப் பழைய காலத்துத் தோற்றம், ஆனால் நமக்கு வேண்டியதை நிரல் எதுவும் எழுதாமல் பட்டியல் வழியாகவே செய்துவிடலாம்.

ஈமாக்ஸைத் திறந்து மேலே 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'கஸ்டமைஸ் ஈமாக்ஸ்', அதற்குள் 'ஸ்பெசிஃபிக் ஆப்ஷன்' என்று போங்கள். திரையின் அடிவரியில் பெயர் கேட்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் பிஃபோர், சேவ், ஹுக் என்ற மூன்று சொற்களை நடுவே சிறுகோடு போட்டு ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். சேமிப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஈமாக்ஸுக்குச் சொல்லும் இடம் இது. வரும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று காப்புரிமை ஆண்டைப் புதுப்பிப்பது, அது நமக்கு வேண்டாம். மற்றொன்றில் டைம்-ஸ்டாம்ப் என்று இருக்கும். அந்தக் கட்டத்தைச் சொடுக்கிக் குறி போட்டு, பக்கத்தின் மேலே உள்ள 'அப்ளை அண்ட் சேவ்' பொத்தானை அழுத்துங்கள். வெறும் 'அப்ளை' கொடுத்தால் ஈமாக்ஸை மூடும்வரைதான் நிற்கும்.

இனி கோப்பில் தேதி விழ வேண்டிய இடத்தைக் காட்ட வேண்டும். கோப்பின் மேற்பகுதியில் இப்படி ஒரு வரி எழுதுங்கள், டைம்-ஸ்டாம்ப் என்பதை ஆங்கில எழுத்தில்:

கடைசித் திருத்தம் டைம்-ஸ்டாம்ப்: <>

முதல் டி மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறியவை: டி, ஐ, எம், இ, பிறகு சிறுகோடு, பிறகு எஸ், டி, ஏ, எம், பி. முக்காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி கட்டாயம். அதன் பிறகு கோணக் குறிகள் இரண்டும். முன்னால் தமிழில் என்ன எழுதியிருந்தாலும் ஈமாக்ஸ் பொருட்படுத்தாது.

கண்ட்ரோல்-எக்ஸ், தொடர்ந்து கண்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமியுங்கள். காலியாக இருந்த கோணக் குறிகளுக்குள் 2024-11-12 08:47:31 என்று விநாடிவரை நேரம் வந்துவிடும். பக்கத்தில் கணினியில் நுழைந்திருப்பவரின் பயனர் பெயரும் இருக்கும். அண்ணன், தம்பி இருவரும் ஒரே கணக்கைத் திருத்தும் வீட்டில், ஆளுக்கொரு பயனர் பெயர் வைத்துக்கொண்டால், கடைசியாகத் தொட்டது யார் என்பது தெரிந்துவிடும்.

எனக்கு ஈமாக்ஸில் மிகவும் பிடித்தது, எதையும் மாற்றாமல் சேமிக்கச் சொன்னால் அது சேமிப்பதில்லை என்பது. சேமிக்க மாற்றம் எதுவும் இல்லை என்று அடிவரியில் சொல்லிவிடும், நேரமும் மாறாது. ஆகவே அந்த வரியில் நேரம் மாறியிருந்தால் யாரோ உள்ளே ஏதோ ஓர் எழுத்தையாவது தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். தணிக்கை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

கடிகாரம்

இந்த இரண்டு வழிகளும் கணினியின் கடிகாரத்தைத்தான் கேட்கின்றன. தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோன கணினியில், மின்சாரம் நின்று வந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. பேட்டரி விலை குறைவு, மாற்றிவிடுங்கள். இணையம் இருந்தால், விண்டோஸ் அமைப்பில் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் தேர்வையும் போட்டுவிடுங்கள்.

நேர மண்டலமும் முக்கியம். பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று நான்கு ஊர்களும் சேர்ந்திருக்கும் வரி நம்முடையது. ஐந்தரை மணி நேரக் கூடுதல். அமெரிக்க மேற்குக் கரை மண்டலத்திலேயே விட்ட கணினி, நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டால், நவம்பர் மாதக் காலை 8.40-க்கு நீங்கள் எழுதியதை முந்தின நாள் இரவு 7.10 என்று பதிந்துவிடும். நேரம் பிசகுவதோடு நாளும் மாறிவிடுகிறது.

நேரம் விழவில்லை என்றால்

நோட்பேடில் நேரம் வராவிட்டால், முதல் வரியைத்தான் பார்க்க வேண்டும். புள்ளிக்கு முன்னால் காலி வரி ஏதும் நுழைந்திருக்கிறதா, எழுத்துகள் மூன்றும் பெரியவையா, நான்காவதாக ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈமாக்ஸில் வராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். முத்திரை வரியைக் கோப்பின் முதல் எட்டு வரிகளுக்குள் மட்டுமே அது தேடும். மேலே தலைப்பு, தோட்டத்தின் பெயர், சர்வே எண், உறுப்பினர் எண் என்று அடுக்கிக்கொண்டே போனால் முத்திரை வரி ஒன்பதாவதுக்கும் கீழே இறங்கிவிடும். அதை வெட்டி முதல் வரியில் ஒட்டி, வேறெங்காவது ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்துப் பாருங்கள்.