யார் கண்ணால் கதை சொல்வது? ஒரே காட்சியை மூன்று தடவை எழுதிப் பார்ப்போம்

கதை எழுத ஆரம்பிக்கும்போது என்ன நடக்கப்போகிறது என்பதைத்தான் எல்லாரும் யோசிக்கிறோம். அதை யார் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதை யோசிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, அதேதான் இங்கேயும். ஆனால் நான், அவள் என்று மாற்றிப் போட்டால் மட்டும் போதாது. யார் சொல்கிறாரோ அவருக்கு என்ன தெரியாது என்பதை முடிவு செய்வதுதான் உண்மையான வேலை.

முதலில் ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரம். கேட்டுக்கு எதிரே பத்து வயசு செல்வி தன் அம்மாவுக்காக நிற்கிறாள். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அம்மா மல்லிகாவிடம் சொல்லிவிட்டார்கள், செல்விக்கு அது தெரியாது.

இதைச் செல்வியே சொல்லட்டும், அதாவது தன்மையில்:

"அம்மா வந்துச்சு. தினமும் கேட்டைத் தாண்டினதும் டிபன் பாக்ஸை என் கையில குடுத்துடும், இன்னிக்குக் குடுக்கல. இன்னாம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, நடன்னுச்சு."

வேலை போனதைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனாலும் படிப்பவருக்கு வயிற்றைப் பிசையும். செல்விக்குத் தெரியாததுதான் இங்கே கதையின் பலம், அதனால் அவள் வாயில் "பொருளாதார நெருக்கடி" மாதிரி வார்த்தைகளைத் திணிக்காதீர்கள். இன்னொன்று, "நான்" என்று சொல்பவர்தான் கதையின் நாயகராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' நம் வாலாஜாப் பக்கத்துக் கதை. அதில் சந்திரனின் வாழ்க்கையை அவன் நண்பன் வேலய்யன்தான் சொல்கிறான், நமக்குக் கிடைப்பது வேலய்யன் பார்த்த சந்திரன்.

அப்புறம் அதே காட்சியைப் படர்க்கையில், ஆனால் மல்லிகாவின் தோளை விட்டு விலகாமல் எழுதுங்கள்:

"மல்லிகா கேட்டைத் தாண்டினாள். எதிரே மகள் நின்றிருந்தாள். இவளிடம் எப்படிச் சொல்வது? ஐந்தாம் தேதி வாடகை கொடுக்க வேண்டும்."

"என்று நினைத்தாள்" என்று எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? "மகள்", "இவளிடம்" என்ற இரண்டு சொற்களே நாம் யார் மனசுக்குள் இருக்கிறோம் என்று காட்டிவிடும். தமிழில் வா, போ என்ற வினைகளும் இப்படித்தான்: செல்வி பார்த்தால் அம்மா வருகிறாள், மல்லிகா பக்கம் நின்றால் அவள் மகளிடம் போகிறாள். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவதும் இந்த வகையில்தான். "மல்லிகாவின் கண்கள் சிவந்திருந்தன" என்று எழுதிவிடுவார்கள், தன் கண் சிவந்ததை மல்லிகா எப்படிப் பார்ப்பாள்? கண் எரிந்தது என்று எழுதுங்கள், சிவப்பைச் செல்விக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, எல்லாம் தெரிந்தவர் சொல்வது. நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூத்துக்குள்ளேயும் இருப்பான், திரும்பி நின்று சனங்களிடமும் பேசுவான், அந்த மாதிரி ஒரு குரல். அம்மா மனசு, மகள் மனசு, கம்பெனிக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லலாம். சுதந்திரம் அதிகம், ஆனால் ஒரே பத்தியில் இங்கேயும் அங்கேயும் தாவினால் படிப்பவர் யாரோடும் ஒட்டமாட்டார், அதனால் எழுதிப் பழகும் வரை, ஒருவர் மனசிலிருந்து இன்னொருவர் மனசுக்கு ஒரு வரி இடைவெளி விட்டு மாறுங்கள். "நீ நிற்கிறாய்" என்று முன்னிலையில் எழுதுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.

சரி, எழுதி முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து, சொல்பவர் பார்க்கவோ கேட்கவோ முடியாத ஒவ்வொரு வரிக்கும் கோடு போடுங்கள். அதை எடுத்துவிடுங்கள், இல்லை அவருக்குத் தெரிகிற மாதிரி மாற்றுங்கள்.

அது முடிந்ததும் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் கண்ணால் நாலாவது தடவை எழுதுங்கள். வேலை போனவர்கள் பட்டியல் காலையிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது, செல்வி அவரிடம் "அண்ணா, எங்கம்மா வந்துடுச்சா?" என்று கேட்கிறாள்.