மனநல இல்லங்களை நடத்துவோர் சட்டத்தில் இடறும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட வழியின்றி 28 பேர் உயிரிழந்தார்கள். காப்பகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2018 முதல் நடைமுறையில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நல்ல மனத்தோடு இல்லங்களையும் சமூக மனநலத் திட்டங்களையும் நடத்துவோர்கூட இச்சட்டத்தை மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதாக எண்ணிவிடுகிறார்கள்.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. ‘நாங்கள் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறோம், வைத்தியம் செய்யவில்லை, எங்களுக்குப் பதிவு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. மனநோய் உள்ளவர்களைப் பராமரிப்புக்கோ மறுவாழ்வுக்கோ தற்காலிகமாகவேனும் தங்கவைக்கும் இடமும் சட்டத்தின் பார்வையில் பதிவு பெற வேண்டிய மனநல நிறுவனமே. சித்த, ஆயுர்வேத மருத்துவ இல்லங்களும் இதில் அடங்கும். உறவினரோடும் நண்பரோடும் ஒருவர் வாழும் வீட்டுக்கு மட்டுமே விலக்கு. பதிவின்றி நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையும், மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. பதிவில்லை என்று தெரிந்தே அங்கு பணிபுரியும் மனநலப் பணியாளருக்கும் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இதைவிடக் கனமானது என்று நான் கருதுவது, குடும்பத்தார் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்வது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டார் என்று கொள்ள முடியாது. விரும்பிச் சேர்ந்தவர் விடுவிக்கக் கேட்டால் விடுவிக்க வேண்டும். ஆதரவுடனான சேர்க்கைக்குரிய நிலையில், அதாவது பிறர் ஆதரவின்றித் தானே முடிவெடுக்க இயலாத நிலையில், அவர் இருக்கிறாரா என்று மதிப்பிடுவதற்காக மட்டும் 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். அப்படிப்பட்டவரைப் பிரிவு 89இன்படி சேர்ப்பதற்கு, சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் 30 நாட்களுக்கு மட்டுமே. சேர்த்ததை, இத்தகைய சேர்க்கைகளை மறுஆய்வு செய்யும் அமைப்பான மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாட்களுக்குள், பெண்களும் சிறார்களும் என்றால் 3 நாட்களுக்குள், தெரிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பைக் காகித வேலை என்று தள்ளிப்போடும் இல்லத்தில், ஒருவர் அங்கே இருப்பது வெளியுலகில் எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

நியமனப் பிரதிநிதி இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. தான் நம்பும் வயதுவந்த எவரையும் ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ வைத்து, நியமிக்கப்படுபவரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு நியமிக்கலாம். இல்லத்தில் உள்ளவர் தெளிவாக இருக்கும் நாளில் இதைக் கேட்டு எழுதி வாங்காமல் விடுவது எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை.

சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்று பிரிவு 95 தடுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மனநல மருத்துவரின் அனுமதியோடு உடலைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஆள் பற்றாக்குறையையோ தண்டனையையோ காரணமாகக் காட்ட முடியாது.

தெருவில் திரிபவரை வண்டியில் ஏற்றி நேரே இல்லத்துக்குக் கொண்டுவருவதும் தவறு. காவல் துறை அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆதரவற்றவராகத் திரிந்தவர் என்றால் காணாமற்போனவர் என்ற வழக்கும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாததால், எங்கோ தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் மகன் போய்ச் சேராமலேயே இருக்கலாம்.

நன்கொடை வேண்டி, அழுக்குடையில் இருந்தபோது ஒன்றும் முடிவெட்டிய பிறகு ஒன்றுமாக எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் போடுவது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்று பிரிவு 24 சொல்கிறது. மின்னணு வடிவில் உள்ளவற்றையும் அது காக்கிறது. குணமாகி ஊருக்குத் திரும்பி வேலை தேடுபவரை, பெண் பார்க்கப் போகிறவரை, அந்த முதல் படம் விடாமல் துரத்துகிறது.