வாழை வைத்தியத்தில் செய்யக் கூடாத தவறுகள்

"வாழைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" இந்த நினைப்புதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நடுத்தர அளவுப் பழம் ஒன்றில் சுமார் 420 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் தேவைக்கு மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்; பல நேரம் முன்னறிகுறி எதுவும் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் எனாலாப்ரில், லோசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும்.

வாழைத்தண்டுச் சாற்றிலும் இதே சிக்கல்தான். சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். அப்படிக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. தண்டிலும் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனையான கிரியாட்டினின் அளவு தெரியாமல் இதைத் தினசரி மருந்தாக்க வேண்டாம். கல்லோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் சாற்றை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கல் சிறுநீர்ப் பாதையை அடைத்து, அதற்குப் பின்னால் கிருமி பெருகினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், காயையும் பழத்தையும் ஒன்றாக நினைப்பது. காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் கொழுப்பு அமிலங்களாக மாறும். அவை குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சத் துணை செய்கின்றன. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு நீடித்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் பலன் தந்தது இப்படித்தான். ஆனாலும் உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு அது மாற்றாகாது. கனியக் கனிய அந்த மாவு சர்க்கரையாகிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும்.

ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிறதா? வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டிலும் ஒத்த புரதங்கள் உண்டு. வாயும் தொண்டையும் அரித்தால் அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் பழத்திலும் இருப்பது உண்மை. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, ஆகவே மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழம் சாப்பிடுவது பெரிய தவறு. செரோட்டோனினை ஒட்டிய சிறுநீர்ச் சோதனைக்கு முன் வாழைப்பழத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். முடிவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

காயை நறுக்கும்போது விரலில் ஒட்டும் பால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு சேர்வதால் வரும் நிறம் அது. அந்தத் துவர்ப்பை நம்பி வெட்டுக்காயத்தில் பாலைப் பூசினால், தோலில் இருந்த மண்ணும் கிருமியும் கூடவே உள்ளே போகும். தீக்காயத்துக்கு வாழையிலைக் கட்டு மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது, சரி. ஆனால் அங்கே நீராவியில் கிருமி நீக்கிய இலையைத்தான் வைத்தார்கள். வீட்டில் இலை தேடி ஓடாமல், முதல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காயத்தைக் காட்டுங்கள்.