'போல' இருந்தாலே உவமையா? செய்யுளில் அணி கண்டுபிடிக்க ஒரு வழி

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அணி சொல்லித்தர உட்கார்ந்தபோதுதான் எனக்கே ஓர் இடத்தில் பிடிபடவில்லை என்று தெரிந்தது. இரண்டு வாரம் அதிலேயே கிடந்து தெளிந்ததை எழுதி வைக்கிறேன். எதுகை, மோனை கண்ணுக்கே தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அழகு சேர்க்கும் பொருளணிகள் 35 என்று சொல்கிறது. ஆரம்பத்துக்கு நான்கைந்து போதும்.

முதலில் செய்யுளைப் பதம் பிரித்து ஒரு தாளில் பென்சிலால் எழுதுங்கள். நோட்ஸைத் திறக்கவே வேண்டாம். அதில் அணியின் பெயர் முதல் வரியிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் பாட்டைப் படிக்கவே தோன்றாது.

அடுத்து, எதை எதற்கு ஒப்பிட்டிருக்கிறார் என்று பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு மாம்பழத்தை வைத்தே சொல்லலாம். 'மாம்பழக் கன்னம்' என்றால் மாம்பழம் போன்ற கன்னம், உவமை. 'கன்ன மாம்பழம்' என்று திருப்பிப்போட்டால் கன்னமே மாம்பழம் ஆகிவிடும், அது உருவகம். 'பிறவிப் பெருங்கடல்' குறளில் பிறவியைக் கடல் என்ற வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் நம்மிடம் விட்டுவிட்டார். ஒரு பக்கத்தை மட்டும் உருவகமாக்கியதால் அது ஏகதேச உருவகம். 'பீலிபெய் சாகாடும்' குறளில் வண்டி மட்டும்தான் வருகிறது, சொல்லவந்த பகைவர் பேச்சே இல்லை. அது பிறிது மொழிதல். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது, செவ்வாய்ப்பேட்டையில் லாரிக்குப் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு உரை இல்லாமலே புரியும்.

சரி, நான் இடறிய இடத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் அசைகின்றன:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

'போல்' என்று இருக்கிறதே, உவமை என்றுதானே எழுதத் தோன்றும்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 'போல' மாதிரியான உவம உருபைத் தேடுவதுதான் தவறு. அதற்குப் பதிலாகத் தாளில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, இயற்கையில் என்ன நடந்தது: காற்றில் கொடி அசைந்தது. இரண்டு, கவிஞர் என்ன காரணம் சொல்கிறார்: 'வராதே' என்று கைகாட்டித் தடுக்கிறது. தானாக நடப்பதன் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார், அதனால் தற்குறிப்பேற்றம். உவமையில் இரண்டு பொருள் இருக்கும். இங்கே இருப்பது ஒரே கொடிதான்.

இதற்குச் சற்று முந்திய அடிகளையும் விடாதீர்கள். இருவருக்கும் வரப்போகும் துயரத்தை 'அறிந்தன போல' அகழிப் பூக்கள் 'கண்ணீர் கொண்டு காலுற நடுங்க' நிற்கின்றன. 'கண்ணீர்' என்பதைக் கள் + நீர் என்று பிரித்தால் தேன். 'கால்' என்றால் காற்றும்தான். தேன் நிறைந்த பூ காற்றுப் பட்டு ஆடுகிறது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் காதில் விழுவது அழுகை. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்படிப்பட்ட சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள், இணையத்திலேயே தேடலாம். உரைக்கு ந.மு.வேங்கடசாமி நாட்டார்தான் என் முதல் தேர்வு.

பின்சேர்க்கை: 'நிலா சிரித்தது' என்பதும் தற்குறிப்பேற்றமா என்று ஆத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நிலா ஏன் சிரித்தது என்று கவிஞர் எதையும் ஏற்றவில்லையே. 'என்னைத் தனியே விட்டுப் போனவனைப் பார்த்துச் சிரித்தது' என்றால் ஆகும்.

இன்னொருவர், அந்தக் கொடி நல்லதே சொல்லாதா என்று கேட்டார். சொல்லும். கம்பர் மிதிலையில் அதே கொடிகளைக் கைகளாக்கி, இராமனை 'ஒல்லை வா' என்று அழைக்க வைக்கிறார். கொடியும் காற்றும் ஒன்றேதான். ஒருவர் 'வராதே' என்கிறார், மற்றவர் 'சீக்கிரம் வா' என்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த அணி மறக்கவே மறக்காது.

பயிற்சிக்கு நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். போன மாதம் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிமூட்டத்தோடு இறங்கி வந்தோம். பஸ்ஸிலேயே மகள் எழுதியது இது:

வளைவுதோறும் வழிமறித்த மூடுபனி
இன்னொரு நாள் இருந்துபோ என்றது

இதில் 'போல' இல்லவே இல்லை. ஆனாலும் தற்குறிப்பேற்றம்தான் என்று அவளே அடியில் எழுதிக் கோடு போட்டிருந்தாள்.