ஊசலின் அலைவு நேரத்தை வீட்டிலேயே அளக்கும் முறை

உத்தரத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட இடமிருந்தால், கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ உள்ள பழைய ஓட்டு வீட்டின் கூடமே இச்சோதனைக்குப் போதும். முறுக்கு நூல் பாரத்தால் நீள்வதோடு குண்டையும் சுழற்றும் என்பதால் தங்கூசியே (மீன்பிடிக்கும் நைலான் இழையே) நல்லது. அதன் மேல்முனையை ஆணியில் வெறுமனே சுற்றாமல், இரு மரத்துண்டுகளுக்கிடையே இறுகப் பிடித்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

ஊசல் ஒருமுறை சென்று மீளும் நேரமே அலைவு நேரம். அதை முதன்மையாகத் தீர்மானிப்பது ஊசலின் நீளம். நீளத்தைத் தூக்குக்குண்டின் கொக்கியோடு நிறுத்தாமல், அதன் ஈர்ப்பு மையம் வரை அளக்க வேண்டும். குண்டைக் கத்தி விளிம்பில் படுக்கவைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் அம்மையம் புலப்படும். அது கொக்கியிலிருந்து 3 செ.மீ. கீழே இருக்க, 25 செ.மீ. நூலில் அதைச் சேர்க்க மறந்தவர் நீளத்தையும் அலைவு நேரத்தையும் கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தை (விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி கூடும் அளவை) கணக்கிட்டால், 9.78 மீ/வி²க்குப் பதிலாக 8.73 என்றே கிடைக்கும்.

அடுத்த பிழை எண்ணுவதில் நேர்கிறது. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, அக்கணத்தை ‘சுழி’ என்று எண்ணி, அதே திசையில் மீண்டும் கடக்கும்போதுதான் ‘ஒன்று’ எனல் வேண்டும். இருபது அலைவுகளுக்கு 1 மீட்டர் ஊசல் ஏறத்தாழ 40.2 வினாடியும், 25 செ.மீ. ஊசல் அதில் பாதியும் எடுத்துக்கொள்ளும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்கே ஆகிறது.

குண்டுக்குப் பதிலாக அதே அளவில் வண்டல் களிமண் உருண்டையைக் கட்டினாலும் நேரம் மாறாது. கயிற்று ஊஞ்சலில் எழுந்து நின்று ஆடுபவர் சற்று விரைவாக ஆடுவதற்கும் எடை காரணமன்று. ஈர்ப்பு மையம் உயர்ந்து, ஊசலின் நீளம் குறைவதே காரணம். வீச்சுக் கோணம், அதாவது நூல் செங்குத்திலிருந்து விலகும் உச்சக் கோணம், 5 பாகைக்குள் இருக்கும்வரை அதன் விளைவு புறக்கணிக்கத்தக்கது. 30 பாகையில் ஓர் அலைவின் நேரம் 1.7 விழுக்காடு கூடும். 1 மீட்டர் ஊசலை 8 செ.மீ. இழுத்து விட்டால் போதுமானது.

இடத்துக்கு இடம் ஈர்ப்பு வேறுபடுவதால், இடமும் அலைவு நேரத்தைச் சிறிது மாற்றும். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிச்சர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டருகே உள்ள கயேனுக்குக் கொண்டுசென்ற ஊசல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. 11 பாகை அகலாங்கை ஒட்டிய காவிரிப் படுகையில் அது ஏறத்தாழ 2 நிமிடம் பின்தங்கியிருக்கும். அலைவு நேரம் சரியாக 2 வினாடியாக அமைய, பாரிசில் 99.4 செ.மீ. நீளம் வேண்டும், இங்கே 99.1 செ.மீ. போதும்.